படகுக்கு பிரேக் இல்லை, மகளே

நோர்வூட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

நியூசிலாந்திலிருந்து நீ அனுப்பிய உங்கள் படகின் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தம்பி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினான். 28 அடிப் படகு, ஒற்றைப் பாய்மரம், உள்ளேயே டீசல் எஞ்சின், நாலு பேர் படுக்க இடம், தேத்தண்ணி போட ஒரு சின்ன அடுப்பு. நல்ல படகுதான். கடன் எடுத்து வாங்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னதில் உன் அம்மாவுக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி நீங்கள் அதை விற்கிற அன்றைக்கு வருமாம்.

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ குரல்பதிவில் அனுப்பிய கேள்விகளைத் தம்பியிடம் சொல்லி இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டேன். எவ்வளவு காற்று வரைக்கும் தாங்கும், எதிர்க்காற்றில் எவ்வளவு நெருங்கிப் போகலாம், என்ன வேகம் வரும். வேகத்துக்குப் பதில் சின்னது. தண்ணீரைத் தொடுகிற நீளம் 22 அடி என்றால் ஆறு நொட்டுக்குக் கொஞ்சம் மேலே, மணிக்கு 11, 12 கிலோமீற்றர். அதற்கு மேல் எவ்வளவு பாய் விரித்தாலும் படகு தான் கிளப்பிய அலைக்குள்ளேயே கிடந்து சாயுமே தவிர ஓடாது. பொகவந்தலாவை பஸ் அதைவிட வேகம்.

ஆனால், இவ்வளவு கேட்டாயே, நிற்பதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு அதுதான் யோசனையாகப் போய்விட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை இறக்கத்தில் எத்தனை வருடம் லொறியை இறக்கியிருக்கிறேன். லொறி ஓட்டுவதை யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். பாரத்தோடு எந்த வளைவில் எந்த கியருக்கு வரவேண்டும் என்பதைப் பழகத்தான் காலம் எடுக்கும். படகிலும் அதே கதை, அதோடு மிதிக்க பிரேக்கும் கிடையாது. பாய் விரித்தால் காற்று தானாகவே கொண்டுபோகும், அதில் நம் கெட்டித்தனம் கொஞ்சம்தான். நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில், எதையும் இடிக்காமல் நிறுத்துகிறவர்தான் படகுக்காரர்.

நம் படகு உனக்குத் தெரியும். ஈபிஎஃப் காசில் பொல்கொட ஏரியிலிருந்து அதை வாங்கி அவிசாவளை, கித்துல்கல வழியாக லொறியில் ஏற்றிவந்தபோது நீ ஓஎல் படித்துக்கொண்டிருந்தாய். பாய்மரம் லொறிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து வழி பார்த்தார்கள். 22 அடி, அடியில் தூக்கி இறக்கக்கூடிய கீல் பலகை, பின்னால் மாட்டுகிற பெற்றோல் எஞ்சின். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அது போதும். உன்னுடையது மூன்று தொன்னுக்கு மேலே இருக்கும். நம் படகைக் கரையில் காலால் உதைத்துத் தள்ளலாம், உன் படகை அப்படி நினைக்காதே. படகு கட்டுகிற கரைத்தட்டுக்கும் படகுக்கும் நடுவே கையோ காலோ ஒருநாளும் போகக்கூடாது. இடிபடட்டும், பைபரை ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் காற்று. இங்கே நான் செய்வதை நீ பார்த்திருக்கிறாய் என்பதற்காக அங்கே அப்படியே செய்யாதே. காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே 15 நொட் காற்று உங்கள் ஒக்லாந்து கடலில், அதுவும் குளிர் நாளில், இதைவிடப் பலமாகத் தள்ளும். இன்னொன்று, 10 நொட் காற்று 20 நொட் ஆனால் பாயில் விழுகிற விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதனால்தான் "இன்னும் கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்று இருக்கும்போதே படகு சட்டென்று படுத்துவிடுகிறது. பெரிய பாயைச் சுருக்கி ரீஃப் போடுவதைக் கட்டிய இடத்திலேயே பழகு. கயிறு எது, கொக்கி எது என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லவேண்டும். கரையை விட்டுக் கிளம்பும்போதே ஒரு ரீஃப் போட்டுக்கொண்டு போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் நனைவது நீதான்.

சாய்கிற நேரத்தில் முதல் வேலை பாய்க்கயிற்றை விடுவது. இங்கே காற்று ஒரே சீராக வராது. தேயிலை மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிட்டு, பள்ளத்தாக்கின் வாயில் சட்டென்று விழும். தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டு வருவதைக் கண்டதும் கை கயிற்றில் இருக்கவேண்டும். பங்களாவுக்கு விடுமுறைக்கு வந்த ஒருவர், கயிற்றைப் பிடித்துக் கை வலிக்கிறது என்று கயிறு மாட்டுகிற கிளீட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்னப் படகு கவிழ்ந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மேமலையிலிருந்து சத்தம் போட்டுத்தான் காப்பாற்ற ஆள் போனது. உன் படகில் அடியில் ஈயமோ இரும்போ இருக்கும், லேசில் கவிழாது. ஆனால் சாய்ந்த படகிலிருந்து ஆள் விழுவதற்குக் கவிழ வேண்டியதில்லை.

இப்போது நிற்பது.

கடல் நடுவே நிற்க ஒரு வித்தை இருக்கிறது. ஹீவ் டு என்பார்கள். எனக்குப் படகை விற்ற தோட்டத்துப் பெரியதொரை வேறு என்ன சொல்லிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த ஒன்றுக்காக அவருக்குக் கும்பிடு போடவேண்டும். காற்றுக்கு எதிரே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவாய் அல்லவா, அப்போது முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிடு. படகு திரும்பிவிடும், முன்பாய் மட்டும் தப்பான பக்கத்தில் காற்றை வாங்கி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். உடனே சுக்கான் பிடியைக் காற்று போகிற பக்கமாகத் தள்ளிக் கட்டிவிடு. சுக்கான் அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும், முன்பாய் விலக்கப் பார்க்கும். இரண்டும் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கப் படகு நடுவிலே அடங்கிவிடும். அந்த நிமிடம் நம்ப முடியாது. அதுவரைக்கும் இரைந்துகொண்டிருந்த காற்று குறைந்த மாதிரி, ஆட்டம் நின்ற மாதிரி இருக்கும். அடுப்பைப் பற்றவைக்கலாம், வரைபடம் பார்க்கலாம், வாந்தி எடுக்கிற ஆளைப் படுக்கவைக்கலாம். ரீஃப் போடவும் அதுவே வசதியான நேரம்.

முழுக்க நின்றுவிட்டது என்று மட்டும் நினைக்காதே. காற்று போகிற பக்கமாக ஒரு நொட், இரண்டு நொட் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் இடம் விட்டு நிற்கவேண்டும். எல்லாப் படகும் ஒரே மாதிரி அடங்காது. பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கிப் பார்த்துத்தான் உன் படகின் சுபாவத்தைப் பிடிக்க முடியும். நல்ல வெயிலில், லேசான காற்றில் போய் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மாப்பிள்ளை தனியாகச் செய்யவேண்டும், நீ தனியாகச் செய்யவேண்டும். ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர் படகை நிறுத்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது கரைத்தட்டு. எஞ்சினை நியூட்ரலில் போட்டாலும் மூன்று தொன் பாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு மிதவைக்குப் பக்கத்தில் வைத்துப் பழகு, மிதவை இடிபட்டால் கோபிக்காது. ரிவர்ஸ் போட்டால் நிற்கும், ஆனால் நேராக நிற்காது. புரொப்பெல்லர் சுற்றுகிற வாக்குக்குப் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். எந்தப் பக்கம் என்று அறிய, படகை இறுக்கிக் கட்டிவைத்தபடியே மெதுவாக ரிவர்ஸ் போட்டு இரண்டு பக்கமும் எட்டிப் பார். தண்ணீர் எந்தப் பக்கம் பொங்கி வருகிறதோ, பின்பக்கம் அதற்கு மறுபக்கமாகப் போகும். எந்தப் பக்கமாகக் கரையணைப்பது என்று முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதும். பின்பக்கத்தை அதுவே தட்டை நோக்கி இழுத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

காற்று உன்னைத் தட்டிலிருந்து தள்ளுகிறதா, தட்டோடு சேர்த்து அழுத்துகிறதா என்று தூரத்திலேயே பார்த்துக்கொள். இடி தாங்குகிற ஃபெண்டரும் கயிறும் முன்கூட்டியே கட்டியிருக்கவேண்டும். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுக்குப் பாயக்கூடாது, இறங்கவேண்டும். மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் சுற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்ப வா. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை, இன்னொரு தரமும் பார்ப்பார்கள்.

எனக்குப் பெரிய கவலை நங்கூரம்தான். இங்கே நான் நங்கூரம் போடுவதற்கும் நீ போடுவதற்கும் நிறைய வித்தியாசம். காசல்ரீயில் தண்ணீர் ஒரு நாளில் ஏறி இறங்காது. கெசல்கமுவ ஓயா கொண்டுவருவதும், சுரங்கத்தின் வழியாக விமலசுரேந்திர மின்நிலையம் எடுப்பதும் பார்த்து மெதுவாகத்தான் மட்டம் மாறும். மாசி, பங்குனி வறட்சியில் கரை கீழே இறங்கி மரக்குற்றிகள் வெளியே வரும். மவுசாகலையில் இன்னும் மோசமாக வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாமே தலைகாட்டும். உன் பெரியம்மா அங்கேதான் பள்ளிக்கூடம் போனாள். ஆக, நமக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மாதத்துக்கு மாதம் நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

உனக்கு ஒரே நாளில் மாறும். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. ஒக்லாந்தில் பெரிய பெருக்கு நாட்களில் 3 மீற்றர் அளவுக்கு வரும், அதுவும் நாளுக்கு இரண்டு தரம். வற்று நேரத்தில் 4 மீற்றர் ஆழத்தில் போட்டால் பெருக்கில் அது 7 மீற்றர். அணியத்தின் உயரம் ஒரு மீற்றரையும் சேர்த்துக்கொள், 8 மீற்றர். நங்கூரத்துக்குக் கயிறு என்றால் அதைப் போல் ஏழு மடங்கு, 56 மீற்றர். முழுவதும் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு, 40 மீற்றர். கணக்கை எப்போதும் பெருக்கு ஆழத்துக்குப் போடவேண்டும், ஆனால் படகு தரைதட்டாமல் இருக்குமா என்று வற்று ஆழத்துக்குப் பார்க்கவேண்டும். நீ கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் களைத்துப்போன இரவில் மனக்கணக்கு வேண்டாம். சங்கிலியில் 10 மீற்றருக்கு ஒரு நிறம் பூசிவை.

நங்கூரம் பிடிப்பது பாரத்தால் மட்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சங்கிலி தரையோடு கிடந்து இழுக்கும்போதுதான் அதன் நுனி மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் கிளம்பி வந்துவிடும். அதற்காகத்தான் இவ்வளவு நீளம். போட்டதும் படகு பின்னால் போய்ச் சங்கிலி நீண்டபிறகு எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாகக் கூட்டி இழுத்துப் பார். கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுடியும் நேர்கோட்டில் வருகிற மாதிரிப் பிடித்து வை. நான் வார்லி தேவாலயத்தின் கூரையையும் பின்னால் இருக்கிற ஒரு மரத்தையும் பிடிப்பேன். 1878ல் கட்டின தேவாலயம், அது நகராது. கோடு மாறினால் நகர்வது நீ. இரவில் காற்றுத் திசை மாறினால் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டம் போடும், அந்த வட்டத்துக்குள் வேறு படகோ பாறையோ இருக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்தபிறகு நிம்மதியாகத் தூங்கு. பார்க்காமல் போனால் தூக்கம் வராது, வரவும் கூடாது.

டீசல் எஞ்சினைப் பற்றி உனக்குப் பயம் வேண்டாம், உன் அப்பன் வாழ்க்கையே டீசலோடுதான். ஸ்டார்ட் பண்ணியதும் முதலில் பின்பக்கம் போய் எக்ஸோஸ்ட்டில் தண்ணீர் துப்புகிறதா பார். துப்பாவிட்டால் உடனே நிறுத்து. கடல்தண்ணீரை இழுக்கிற பம்பில் இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம் இருக்கும், அது கிழிந்திருக்கும் அல்லது உள்ளே வரும் வழியில் பாசி அடைத்திருக்கும். மேலதிகமாக ஒன்றை வாங்கி வை, மாற்றுவதையும் கரையிலேயே பழகு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுமி நின்றால் பத்தில் எட்டுத் தரம் எரிபொருள்தான். அலையில் ஆடும்போது டாங்கியின் அடியில் கிடந்த அழுக்கும் தண்ணீரும் கலங்கிவந்து பில்டரை அடைக்கும். பில்டரை மாற்று, காற்றை வெளியேற்று, நட்டைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடி. மாப்பிள்ளைக்கு வீடியோ போட்டுக் காட்டச் சொன்னால் நான் காட்டுவேன். ஆனால் எஞ்சின் சரிப்படும் என்று நம்பிக்கொண்டு பாறைக்கு மேலே நிற்காதே. எஞ்சின் நின்றால் முதல் வேலை பாய் விரிப்பது, ஆழம் குறைவான இடம் என்றால் நங்கூரம். ஸ்பானரைப் பிறகு எடுக்கலாம்.

நீ பார்க்கிற வீடியோக்களில் பாதி அமெரிக்காவில் எடுத்தவை என்று தம்பி சொன்னான். கவனம். துறைமுகத்துக்குள் நுழையும்போது அங்கே சிவப்பு மிதவை வலப்பக்கம் வரும். உனக்கும் எனக்கும், நியூசிலாந்திலும் இலங்கையிலும், உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இதை மட்டும் வீடியோ பார்த்துப் பழகிவிடாதே.

பின்காற்றில் போகும்போது பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும் வேகம் மண்டையைப் பிளக்கும். அதை முன்னால் இழுத்துக் கட்ட ஒரு கயிறு போடு, அந்த நேரம் யாரும் எழுந்து நிற்கவேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் தோட்டங்களில் நீந்தத் தெரியாதவர்கள்தான் அதிகம், நீயும் அதில் ஒருத்தி. படகு வாங்கியது வாங்கியதுதான், நீச்சல் வகுப்புக்கும் பெயர் கொடு. குளிர்ந்த தண்ணீரில் நீந்தத் தெரிந்தவருக்கே முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும்.

அடிப்பக்கத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட், துத்தநாகக் கட்டி மாற்றுவது, இதெல்லாம் உங்கள் பக்கத்துப் படகுக்காரர்களைக் கேள். நன்னீரில் இருக்கும் எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. சிப்பி ஒட்டாது, ஆனால் பைபரில் கொப்புளம் வரும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆனி மாதம், இங்கே படகைக் கரையேற்றி மூடி வைத்திருக்கிறேன். மழை விட்டபாடில்லை, சிவனொளிபாதமலையைக் கண்டு நாளாகிவிட்டது. உங்களுக்கும் இப்போது குளிர்காலம்தானே. கோடை வரும்வரை தூரப் பயணம் வேண்டாம். கரையோரத்திலேயே நின்று பழகுங்கள்.

ஒரு வேலை வைக்கிறேன். அடுத்த தரம் படகுக்குப் போகும்போது நங்கூரச் சங்கிலி முழுவதையும் வெளியே எடுத்து, அதன் கடைசி முனை படகோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார். எத்தனையோ பேர் பாராமல் விட்டு, சங்கிலி ஓடி ஓடிக் கடைசியில் முழுவதும் கடலுக்குள் போய்விடும். அந்த முனையை ஷெக்கிள் என்கிற இரும்பு வளையத்தால் பூட்டாதே, தடித்த கயிற்றால் கட்டு, ஆபத்தில் கத்தியால் அறுத்துவிட்டுப் போகலாம். பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அப்பா

அம்மா கேட்கச் சொன்னாள்: அதில் கக்கூஸ் இருக்கிறதா, இருந்தால் யார் கழுவுவது?